ஜம்மென்று இருந்த புல்தரை

ஊருக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சி ஓய்வு பெற்ற ஒரு பாசனத்துறை இன்ஜினியர், தன் வீட்டு வாசலில் இருந்த ஒரு துண்டுப் புல்தரையைக் காயவிட்டுவிட்டார் என்று சொன்னால் யாரும் சட்டென்று நம்பமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் நம்புவார். அவர் மாடி ஜன்னலிலிருந்து அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

புல்தரை உண்மையில் இன்ஜினியருடையது அல்ல, அவர் மனைவியுடையது. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். வீட்டிலும் அவருக்கு டீச்சர் என்றுதான் பெயர். மேகம் எட்டிப்பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுகிற அந்த இடத்தில், கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் பச்சைப் பசேலென்று ஒரு தரையைத் தனியாளாக வளர்த்து வைத்திருந்தார். முழங்கால் இரண்டும் தேய்ந்து படி இறங்கவே முடியாமல் போனபோதுதான் ஹோஸ் குழாய் இன்ஜினியரின் கைக்கு வந்தது. எப்படித் தண்ணீர் விடவேண்டும் என்று டீச்சர் சொல்ல ஆரம்பித்ததுமே அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"பாசனத்துலயே தலை நரைச்சவன்கிட்ட தண்ணி விடறதுக்குப் பாடம் எடுக்கறியா?"

பாடம் அன்றோடு நின்றது. தண்ணீரும் ஏறக்குறைய அன்றோடுதான் நின்றது. காலையில் எழுந்தால் பேப்பர், பேப்பர் முடிந்தால் வெயில், வெயில் தணிந்தால் டிவியில் செய்தி. நடுவில் ஞாபகம் வந்தால் குழாயைத் திறந்து, துணிக்கு இஸ்திரி போடுபவர் தெளிப்பதுபோல் நாலு தெளி. புல் முதலில் வெளுத்தது, அப்புறம் பழுத்தது, கடைசியில் பழைய பாய் மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் அறையைவிட்டு வெளியே வருவதில்லை என்பதால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

முழங்கால் ஆபரேஷன் வேறொரு ஊரில், டீச்சரின் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் நடந்தது. இன்ஜினியரும் கூடவே போனார். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்குகிறேன் பேர்வழி என்று பட்டனை அழுத்திக் கால்பக்கத்தைத் தூக்கியதோடு அவருடைய சேவை முடிவுக்கு வந்தது. "மாமா, நீங்க வீட்டைப் பார்த்துக்கங்க, அக்காவை நாங்க பார்த்துக்கறோம்" என்று மச்சினன் மரியாதையாகப் பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டான்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் தையல் பிரித்த கொஞ்ச நாளில், தம்பி வீட்டு ஹாலில் வழவழப்பான தரையில் டீச்சர் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தைரியம்தான் போய்விட்டது. அதற்குப் பிறகு கட்டிலைவிட்டு இறங்க மறுத்தார். பாத்ரூம் போகக்கூட இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கவேண்டும். பிசியோதெரபிக்கு வந்த பெண் இன்ஜினியரிடம் போனில் நேராகவே சொன்னாள்: "காலுக்கு பலம் வந்துடுச்சு சார். மனசுதான் வரலை. இப்ப நடக்கலைன்னா மூட்டு இறுகிடும். அப்புறம் நாற்காலிதான்."

பிறகு டீச்சரே போனை வாங்கிப் பேசினார்.

"இந்தத் தரையில என்னால முடியாது. நம்ம வீட்டுக்கு வந்து புல்தரையில நடக்கறேன். அங்க விழுந்தாலும் அடி படாது."

"தாராளமா நட."

"புல்லு எப்படி இருக்கு?"

இன்ஜினியர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அந்தப் பழைய பாய் அப்படியே விரிந்து கிடந்தது.

"ஜம்முனு இருக்கு" என்றார்.

போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அணைக்கட்டுகளைப் பற்றி மந்திரிகளிடம் பொய் சொல்லும்படி மேலதிகாரிகள் கேட்டபோதெல்லாம் முடியாது என்றவர். பெண்டாட்டியிடம், அதுவும் அவள் காலைப் பணயம் வைத்து, நாக்கு கூசாமல் சொல்லிவிட்டார். அவள் வருவதற்குள் புல்லை எழுப்பியாக வேண்டும்.

முதல் நாள் நீர்த் தேவையைக் கணக்குப் போட்டார். மண்ணின் தன்மை, ஆவியாதல், காற்றின் வேகம் எல்லாம் சேர்த்து அழகான கணக்கு. ஹோஸை முழுசாகத் திறந்துவிட்டுப் பெருமையாக நின்றார். வெயிலில் செங்கல்லாக இறுகிப் போயிருந்த மண் ஒரு சொட்டையும் உள்ளே விடவில்லை. தண்ணீர் மொத்தமும் கேட்டுக்கு அடியில் நுழைந்து தெருவுக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, "மெயின் குழாய் ஏதாவது உடைஞ்சிடுச்சா சார்?" என்று கேட்டார். இல்லை, பாசனம் நடக்கிறது என்று சொல்ல இன்ஜினியருக்கு வாய் வரவில்லை.

இறுகிய மண்ணைத் துளை போட்டுத் திறக்கவேண்டும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வர, மறுநாள் கடப்பாரையை எடுத்தார். ஏழெட்டுக் குத்து நன்றாகப் போயிற்று. அடுத்த குத்தில் பூமியிலிருந்து ஊற்று கிளம்பியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நிலத்தடி நீரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர் மகிழ்ந்தது உண்மை. வீட்டுக்குத் தண்ணீர் வருகிற குழாயைத்தான் உடைத்திருந்தார்.

பிளம்பர் வந்து குழியில் குனிந்து பார்த்தார். "சார் எந்த டிபார்ட்மென்ட்ல இருந்தீங்க?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

"தபால்" என்றார் இன்ஜினியர்.

அதற்குப் பிறகு கொஞ்சம் அடக்கம் வந்தது. விடியற்காலையில் எழுந்து ஹோஸைச் சன்னமாக ஒழுகவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் மண் குடிக்கும்வரை காத்திருந்தார். முள்கரண்டியை வைத்து, கவனமாக, குழாய் போகாத பக்கமாகத் துளை போட்டார். மட்கிய உரத்தை வாங்கிவந்து சலித்துத் தூவினார். இந்தப் பொறுமையில் பாதியை முன்பே காட்டியிருந்தால் இந்தப் பிழைப்பே வந்திருக்காது என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, பனியன் நனைய நனைய நின்றார்.

பலன் கிடைத்தது. சுவர் ஓரத்தில் ஒரு நாள் காலை பச்சையாக முளை கிளம்பியிருந்தது. நாலே நாளில் அது விரல் உயரம் வந்தது. அடுத்த வாரம் ஒரு சாண். பளபளவென்று, நிமிர்ந்து, பார்க்கப் பார்க்க மனம் குளிரும் பச்சை. இன்ஜினியருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மூலைக்குத் தனியாக உரம் போட்டார், தனியாகத் தண்ணீர் விட்டார், மத்தியான வெயில் படாமல் பழைய வேட்டியைப் பந்தல் கட்டினார். பிள்ளைகளை வளர்த்தபோதுகூட இவ்வளவு செய்ததில்லை.

மற்ற இடமெல்லாம் ஏமாற்றம்தான். மங்கலாக, கம்பி மாதிரி ஏதோ ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்தது. களை என்று முடிவு செய்தார்.

போட்டோ எடுக்கும்போது சுவர் ஓரத்தை மட்டும், குனிந்து, கிட்டத்தில் வைத்து எடுத்து அனுப்பினார். மச்சினனிடமிருந்து உடனே போன் வந்தது. "மாமா, நெட்ல இருந்து எடுத்த படமா?" என்றான். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. இன்ஜினியர் அந்த மௌனத்தைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

டீச்சர் காரில் வந்து இறங்கினார். கையில் வாக்கர் என்கிற நடைசட்டம், பக்கத்தில் மச்சினன். கேட்டைத் தாண்டியதும் நின்றார். காய்ந்த தரையைப் பார்த்தார், குழாய் பதித்த மண்மேட்டைப் பார்த்தார், வேட்டிப் பந்தலைப் பார்த்தார். பிறகு தம்பியிடம் சொன்னார்.

"உள்ள கூட்டிட்டுப் போடா."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் இன்ஜினியர் பிழைத்திருப்பார்.

அடுத்த நாட்களில் டீச்சர் ஜன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். மச்சினன் ஊருக்குப் போய்விட்டான். உள்ளூர் பிசியோ வந்து கெஞ்சிப் பார்த்தார். "புல்லு வரட்டும்" என்பார் டீச்சர். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தப்பிக்க ஒரு காரணம் கிடைத்த நிம்மதியோடு சொன்னார். இன்ஜினியருக்கு அதுதான் பயமாக இருந்தது. பயப்படுகிறவளுக்கு ஒளிந்துகொள்ள இடம் கட்டிக்கொடுத்தது அவர்தான். ஒவ்வொரு நாளும் அந்தக் கால் மடங்குவது கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது அவர் கண்ணுக்கே தெரிந்தது. ராத்திரி கால்களுக்குத் தைலம் தடவும்போது அவர் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்ப்பதில்லை.

சரி, நம்மால் ஆனதைச் செய்வோம் என்று ஒரு காலை களத்தில் இறங்கினார். களையை எடுத்தால்தானே புல்லுக்கு இடம் கிடைக்கும். தொட்டியை நிரப்ப மோட்டாரைப் போட்டுவிட்டு, தரையில் முட்டி போட்டு, ஊர்ந்து கிடந்த அந்தக் கம்பிக் களையைப் பிடித்து இழுத்தார். லேசில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஒரு முழ நீளத்துக்குக் கணுக்கணுவாகப் பெயர்ந்து வந்தது. அடுத்ததைப் பிடித்தார். உள்ளேயிருந்து ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. மோட்டார் இரைச்சலில் புரியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் யாரோ தட்டுவதுபோலவும் இருந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாவதை இழுக்கும்போது அவர் கைக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

"அதை விடுங்க" என்றார் டீச்சர். மூச்சு வாங்கியது. "அதுதான் புல்லு."

இன்ஜினியர் நிமிர்ந்தார். நடைசட்டம் இல்லை. பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. வாசலில் இரண்டு படி இருக்கிறது. அதையும் இறங்கித்தான் வந்திருக்க வேண்டும். நீ நடந்து வந்துட்டியே என்று சொல்லத் துடித்த வாயை இறுக்கி மூடிக்கொண்டார். சொன்னால் அவளுக்கே அது தெரிந்துவிடும். தெரிந்தால் விழுந்துவிடுவாள்.

"அப்ப அந்தச் சுவர் ஓரத்துல இருக்கறது?" என்று கேட்டார்.

"கோரை. அதுதான் களை. வேட்டி கட்டி வளர்த்திருக்கீங்க."

"கோரையா? சேச்சே, இருக்காது."

"போட்டோல பார்த்தப்பவே தெரிஞ்சது. இங்க வந்தப்புறம் சொல்லத் தெம்பில்லை." டீச்சருக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. "தண்டைத் தொட்டுப் பாருங்க, மூணு பட்டையா இருக்கும்."

"எனக்கு உருண்டையாத்தான் தெரிஞ்சது."

இது அப்பட்டமான பொய். அவர் தொட்டே பார்த்ததில்லை. ஆனால் நாற்பது வருஷம் தப்பான விடையைக் கண்டால் சிவப்புப் பேனாவைத் தேடிய டீச்சரால் அதைத் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று நடந்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் நிற்காமல், காய்ந்த தரைமேல் ஒவ்வோர் அடியாக வைத்துச் சுவர்வரைக்கும் போனார். பந்தலுக்குள் கையை விட்டு ஒரு தண்டை ஒடித்து, தூக்கிக் காட்டினார்.

"மூணு பட்டை. பாருங்க."

காட்டிய கை பாதியில் நின்றது. டீச்சர் தன் காலைப் பார்த்தார். வந்த தூரத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, அந்தச் சட்டத்தை எடுத்துட்டு வாங்க."

"இதோ வந்துட்டேன்" என்று இன்ஜினியர் எழுந்தார். எழுந்தார் என்பது தப்பு, எழ நினைத்தார். இவ்வளவு நேரம் மடங்கிக் கிடந்த அவருடைய முழங்கால்கள், இனிமேல் இப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டிருந்தன. ஒரு கையை ஊன்றினார். இரண்டு கையையும் ஊன்றினார். பின்பக்கம் மட்டும் கொஞ்சம் உயர்ந்து மறுபடியும் இறங்கியது.

"என்ன பண்றீங்க?"

"எந்திரிக்க முடியலை" என்றார். இந்த முறை அது பொய் இல்லை. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்கி நிற்கிறாள், தான் நாலு காலில் கிடக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு நிமிஷம் இரு. கத்திப் பார்க்கறேன். பக்கத்து வீட்டுல யாராவது வருவாங்க."

"கத்தாதீங்க. ஏற்கெனவே நம்ம வீட்டைப் பார்த்து ஊரே சிரிக்குது."

டீச்சர் சுவரை விட்டார். ஓர் அடி வைத்தார். நின்றார். கால் பதியும் இடத்தில் தரை லேசாக மெத்தென்று இருந்ததா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அடுத்த அடி வைத்தார். இன்ஜினியர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து சொட்டியது. துடைக்கக் கை கிடைக்கவில்லை. டீச்சர் வந்து அவர் தோளில் கையை வைத்து நின்று, நன்றாக மூச்சு வாங்கினார்.

"அந்த டாக்டர்கிட்ட உங்களுக்கும் ஒரு தேதி வாங்கணும்" என்றார்.

"வாங்கு."

"அழாதீங்க. புல்லு வந்துடும், வேர் நல்லாத்தான் இருக்கு. நீங்க பிடுங்கினதை மறுபடியும் ஊனுங்க, பிடிச்சுக்கும்."

மேலே தண்ணீர்த் தொட்டி நிரம்பி, மாடிச் சுவர் வழியாகத் தண்ணீர் சடசடவென்று கொட்ட ஆரம்பித்தது. இன்ஜினியர் பதறி மறுபடியும் கையை ஊன்றினார்.

"நீங்க அங்கேயே இருங்க" என்றார் டீச்சர், வீட்டுப் பக்கம் திரும்பி. "நான் போய் நிறுத்தறேன்."

இன்ஜினியர் இருந்த இடத்திலேயே, கையில் ஒரு முழப் புல்லோடு காத்திருந்தார். கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மோட்டார் நின்றது.