முதலாளி காரில் வந்த சங்கிலி

வெள்ளைத்துரை வீட்டுக்குச் சிப்பிப்பாறை நாய் வந்ததிலிருந்து, தெருவில் யாரும் பொழுது போகவில்லை என்று சொன்னதில்லை. பட்டாசுக் கம்பெனி முதலாளி வீட்டு வாசல் என்றால் ஒரு நாய் நிற்க வேண்டாமா? முயல் விரட்டப் பிறந்த அதற்குச் சுல்தான் என்று பேர் வைத்தார். மினுமினுக்கும் இரும்புச் சங்கிலி ஒன்றைக் கழுத்தில் மாட்டி, மார்பிள் போட்ட போர்டிகோவில் கட்டினார். அத்தோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்தார். இத்தனைக்கும், நிறுத்தியே வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று காரை மட்டும் தினம் ஒரு ரவுண்டு ஓட்டி வருகிறவர்தான்.

சுல்தான் சும்மா இருக்குமா? செருப்பைக் கடித்தது, துளசிச் செடியைத் தோண்டியது, பகல் பூராவும் ஊளையிட்டது. பக்கத்து வீட்டு சீனிவாசகம் வந்து, "தூக்கம் போச்சு அண்ணாச்சி" என்று முறையிட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் நாயைக் கொஞ்சமாவது புரிந்துகொண்டவள் அவர் பெண்டாட்டி பொன்னுத்தங்கம்தான். அவளும் விரும்பிப் புரிந்துகொள்ளவில்லை. சாயங்காலம் மொட்டை மாடியில் அவிழ்த்து விடுவாள். எத்தனை தடவை கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்காது. கொடியில் ஒரு சேலை காற்றில் படபடத்தால் போதும், பறந்து வந்து கவ்வும். அப்படிக் கிழிந்த சேலைகளின் கணக்கு பொன்னுத்தங்கத்தைவிட எதிர்வீட்டு யோகலட்சுமிக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியில் வெள்ளைத்துரை தீர்ப்புச் சொன்னார். "கம்பெனில கொண்டு போய்க் கட்டிருதேன். காவலுக்கும் ஆச்சு."

"அங்கன கட்டுனாலும் அது ஓடணும்னுதான துடிக்கும்?" என்றாள் பொன்னுத்தங்கம்.

"அம்புட்டு அக்கறைன்னா நீயும் கூட ஓடு." சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டது. தன் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிற பெண்டாட்டியிடம் வேறு யார் இப்படிப் பேசுவார்கள்?

அவள் ஏறாமல் நாய் காரில் ஏறவில்லை. அதனால் அவளும் தாயில்பட்டிப் பக்கம் இருந்த கம்பெனிக்குப் போக வேண்டியதாயிற்று. ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கேட்டில் வாட்ச்மேன் பாண்டிராஜ், வேலைக்கு வந்த பெண்களின் சாப்பாட்டுப் பையைக் குடைந்து, போனை வாங்கி வைத்து, கொண்டை ஊசியைக்கூட உருவிக்கொண்டிருந்தான். உள்ளே இரும்பு போகக் கூடாது. ஒரு பொறி போதும். முதலாளி கார் வந்ததும் சல்யூட் அடித்து கேட்டை அகலத் திறந்து, கார் உள்ளே போனதும் மூடித் தாழ்ப்பாள் போட்டான். முதலாளி காரை யார் சோதிப்பார்கள்?

காரின் கதவு திறந்தது. எங்கிருந்தோ ஒரு காகிதத் தாள் பறந்து போனது. அவ்வளவுதான். பொன்னுத்தங்கத்தின் கையிலிருந்து சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு சுல்தான் பாய்ந்தது.

தாள் போன இடம், மணிமருந்து காயப் போட்டிருந்த சிமெண்டு மேடை. கடுகு கடுகாக உருட்டிய பட்டாசு மருந்து வெயிலில் பரந்து கிடந்தது. ஓரத்தில் விரித்திருந்த சாக்குகள் காற்றில் படபடத்தன. சுல்தானுக்குக் கொண்டாட்டம். மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. பின்னாலேயே சங்கிலி சரளைக் கற்களில் உரசிக் கரகரத்தது.

"யாரும் ஓடாதீக! நின்ன இடத்துலயே நில்லுங்க!" ஃபோர்மேன் சோணைமுத்துவின் குரல் கிழிந்தது. ஓடினால் நாய் துரத்தும். தடுக்கி விழுந்தால் எல்லாம் முடிந்தது. மேடையில் நின்ற வள்ளித்தாயின் இரண்டு கைகளிலும் மருந்துத் தட்டு. அதைக் கீழே வைக்கவும் பயம், பிடித்திருக்கவும் பயம். தட்டுக்குள் மணிகள் சலசலத்தன.

"சுல்தான்! கம் ஹியர்! சிட்!" என்று கத்தினார் வெள்ளைத்துரை. சிப்பிப்பாறையில் பிறந்த நாய்க்கு எந்தக் கான்வென்டில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார்களோ!

"கத்தாதீக மொதலாளி, கத்தக் கத்த வெறி ஏறுது," என்றார் சோணைமுத்து.

அடுத்த சுற்றில் நாய் மேடை ஓரத்துச் சாக்கைக் கவ்வி இழுத்தது. சங்கிலி மேடை விளிம்பில் மோதிக் கணீரென்றது. பொன்னுத்தங்கம் தன் வெறுங்கையைப் பார்த்தாள். சங்கிலி தன் கையிலிருந்துதானே போனது!

செருப்பை உதறினாள். சுங்குடிச் சேலையின் முந்தானையை அவிழ்த்து ஒரு கையில் உயர்த்திப் பிடித்தாள். "பாண்டி, கேட்டத் தொறடா!" என்று கூவிக்கொண்டே மேடைக்கு எதிர்த் திசையில் ஓட ஆரம்பித்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. முந்தானை கொடிபோலப் பின்னால் பறந்தது. சுல்தான் நின்றது. காதை விடைத்தது. சாக்கைப் போட்டுவிட்டு அவள் பின்னால் பாய்ந்தது.

பாண்டிராஜ் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டினான். முதுகுக்குப் பின்னால் கரகரப்பு நெருங்கிக்கொண்டே வந்தது. நின்றால் நாய் திரும்பவும் மேடைக்கே போய்விடும். கேட் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்ததும் அவள் வெளியேறினாள். அடுத்த நொடி நாயும் வெளியே பாய்ந்தது.

"மூடுலே!" உள்ளேயிருந்து சோணைமுத்து அலறினார்.

அதற்குப் பிறகும் அவள் நிற்கவில்லை. தரிசுக் காட்டில் முள்ளும் கல்லும் பாராமல் ஓடினாள். சுல்தான் அவளைத் தாண்டியது, வட்டம் போட்டுத் திரும்பி வந்தது, மறுபடியும் தாண்டியது. கடைசியில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் காலடியில் விழுந்தது. அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முதல் வேலையாகச் சங்கிலியைக் கழற்றி எறிந்தாள்.

வள்ளித்தாய் தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடிவந்தாள். "எம்மா, என் புள்ளைக இன்னிக்கு உங்களாலதான் என்னயப் பாக்கப்போகுது."

"என் கையில இருந்துதான தாயி அது போச்சு," என்றாள் பொன்னுத்தங்கம். தண்ணீரை முதலில் நாய்க்குக் கொடுத்தாள்.

வெள்ளைத்துரை காரில் வந்து கண்ணாடியை இறக்கினார். முகத்தில் ரத்தமே இல்லை. "இத யாருக்காவது குடுத்துருவோம், தங்கம்."

"அது என்னங்க தப்பு செஞ்சது? நாளையில இருந்து கண்மாய்க் கரையில இது கூட ஓடுறேன். நீங்க சொன்னதுதான?"

அவர் காரைத் திருப்பிக் கேட்டுக்குப் போனார். ஹாரன் அடித்தார். கேட் திறக்கவில்லை. பாண்டிராஜ் ஜன்னலருகே வந்தான். இந்தத் தடவை சல்யூட் இல்லை.

"எறங்குங்க மொதலாளி. வண்டியப் பாக்கணும்."

வெள்ளைத்துரை இன்ஜினை அணைத்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்.