சுவிட்சில் தொங்கிய அட்டை

பள்ளிக்கூடத்துப் பட்டறையில் அவளுக்கு 'அண்ணி மிஸ்' என்று பெயர் விழுந்தது போன வருடம்தான். அதற்கு முன்பு அவள் வெறும் மிஸ். மரவேலை வகுப்பு என்றால் அவள் ஒருத்திதான். பிறகு அவள் கணவனின் தங்கை அங்கேயே இரண்டாவது ஆசிரியையாக வந்து சேர்ந்தாள். வந்த முதல் நாளே, "அண்ணி, உளியெல்லாம் எங்க இருக்கு?" என்று எல்லோர் முன்னாலும் வாய் தவறிக் கேட்டுவிட்டாள். பிள்ளைகளுக்கு அது போதாதா? அன்றிலிருந்து மூத்தவள் அண்ணி மிஸ், இளையவள் சின்ன மிஸ்.

அந்த வேலையை நாத்தனாருக்கு வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். தலைமையாசிரியரிடம் போய், "பொறுமையான பொண்ணு சார், கை வேலை சுத்தமா இருக்கும்" என்று மனதாரச் சொன்னாள். சொன்னது அப்படியே உண்மையாகிவிட்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பட்டறையில் அண்ணிக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஆபத்து என்று கண்ணில் பட்டால் "கை!" என்று ஒரு சத்தம் போடுவாள். இழைப்பு ஓசை, சுத்தியல் ஓசை எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு போகும் குரல் அது. கேட்டவர் யாராக இருந்தாலும் பிடித்திருப்பதை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். பிள்ளைகள் தூக்கத்தில்கூடக் கையைத் தூக்குவார்கள் என்று பெற்றோர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

சின்ன மிஸ் சத்தமே போடவில்லை. ஆளுக்கு ஒரு சின்ன மர அட்டை அறுத்துக் கொடுத்து, பிடித்த படத்தை வரையச் சொன்னாள். இயந்திரத்துக்குள் கை விடுகிறவர் முதலில் தன் அட்டையை அதன் சுவிட்சில் மாட்ட வேண்டும். அட்டை தொங்கினால் வேறு யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. மாட்டியவர் கைதான் கழற்ற வேண்டும். சின்ன மிஸ் தனக்கென்று ஒரு மீனை வரைந்துகொண்டாள். ஆமை, ஆட்டோ, பல் இளிக்கும் குரங்கு என்று பட்டறையே கலகலவென்று ஆகிவிட்டது.

"எதுக்கு இந்த பொம்மை விளையாட்டு?" என்று அண்ணி கேட்டாள்.

"நீங்க இல்லாத நேரத்துல யாரு அண்ணி கத்துறது? அதுக்குத்தான்."

தப்பில்லாத பதில். அதனாலேயே எரிச்சலாக இருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். நாத்தனார் மாடியில் இருந்தாள், சாப்பாடு கீழே. அண்ணியின் மகள் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குத்தான் ஓடுவாள்.

"நானும் டீச்சர்தான்டி. என்கிட்ட கேக்கக் கூடாதா?"

"நீங்க சொன்னா பயமா இருக்கும்மா. அத்தை சொன்னா புரியுது."

கணவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "உங்கம்மா கணக்குச் சொல்லிக் கொடுத்தா ரெண்டு கையையும் தூக்கிட்டுத்தான் கேக்கணும். அப்புறம் எந்தக் கையால எழுதுறது?" எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் மட்டும் அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அதுவும் அண்ணிக்குக் குத்தியது.

புதுப் பட்டறைக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரே ஒரு பொறுப்பாசிரியை. வெள்ளிக்கிழமை மேலதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இருவரில் யார் என்று சொல்வார்கள். அண்ணி கடவுள் பக்தி உள்ளவள். காலையில் கண்ணை மூடி நிற்கையில், "நான் அவளுக்குக் கெடுதல் கேக்கலை. எனக்கு நல்லது பண்ணுன்னுதான் கேக்குறேன்" என்று ஆண்டவனிடம் ஒரு வக்கீலைப்போல வார்த்தையை அளந்து பேசினாள். அப்படி அளந்து பேச வேண்டியிருக்கிறதே என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. நம்மில் யார்தான் யோசிக்கிறோம்?

வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வரத் தாமதமானது. பிள்ளைகள் மேசைகளின் பக்கத்தில், வாசலையே பார்த்தபடி வரிசையாக நின்றிருந்தார்கள். அண்ணி பசைச் சட்டியை ஒழுங்காக வைக்க உள்ளறைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது நாத்தனாரைக் காணவில்லை. எங்கோ போயிருப்பாள், அவர்களை எதிர்கொண்டு அழைக்கக்கூட முந்திப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

நடைவழியில் தலைமையாசிரியரின் குரல் கேட்டது. "அட்டை முறைன்னு ஒண்ணு சார், அருமையான யோசனை. எங்க சின்ன மிஸ் கொண்டு வந்தது. உள்ள வந்தா முதல்ல அதைத்தான் காட்டப்போறேன்."

முதலில் அதைத்தான்!

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். நாடா ரம்பத்தின் சுவிட்ச் எதிரே இருந்த தூணில் இருந்தது. ஆள் உயர இயந்திரம் அது. மேலும் கீழும் இரண்டு பெரிய சக்கரங்கள், அவற்றில் நாடாபோல ஓடும் ரம்பம். அந்தச் சுவிட்சில் மீன் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய அறையில் வேறு ஒன்றுமே இல்லாததுபோல அது மட்டும் கண்ணில் நின்றது. காலை வகுப்பில் மாட்டியதைக் கழற்ற மறந்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டடி வைத்து இயந்திரத்தின் பின்னால் எட்டிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. அட்டையைக் கழற்றி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அதிகாரிகள் உள்ளே வந்தார்கள். கண்ணாடி போட்ட அதிகாரி நாடா ரம்பத்தைக் காட்டி, "இதை ஓட்டிக் காட்டுங்க பாப்போம்" என்றார்.

வகுப்புத் தலைவி முன்னே வந்தாள். நெட்டையான பெண், 'கொடிக்கம்பம்' என்று கூப்பிடுவார்கள். அவள் கற்றுக்கொண்டபடியே செய்தாள். சுவிட்சைப் பார்த்தாள். அட்டை இல்லை. அட்டை இல்லையென்றால் உள்ளே யார் கையும் இல்லை. கொஞ்சமும் தயங்காமல் கையை நீட்டினாள்.

அப்போதுதான் அண்ணி கண்டாள். இயந்திரத்தின் அடியில், மரத்தூளின் மேல், ஒரு செருப்பின் நுனி. கீழ்ச்சக்கரத்தில் சிக்கிய மரச் சிம்பை எடுக்க, அட்டை தொங்குகிற நம்பிக்கையில் நாத்தனார் பின்பக்கம் கதவைத் திறந்து குந்தியிருந்தாள்.

"கை!"

கொடிக்கம்பத்தின் கைகள் சுவிட்சைத் தொடாமல் மேலே பறந்தன. அறையிலிருந்த அத்தனை பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள். தலைமையாசிரியர் தூக்கினார். கண்ணாடி போட்ட அதிகாரியும் என்ன ஏதென்று தெரியாமல் தூக்கினார். இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து, மரத்தூள் அப்பிய இரண்டு கைகள் மெல்ல எழுந்தன. பத்து விரலும் இருந்தன.

அதன் பிறகு ஒரே பாராட்டு. "இந்தக் குரல்தாம்மா பாதுகாப்பு" என்றார் அதிகாரி. நாத்தனார் வெளிறிப்போய், காலியாக இருந்த சுவிட்சையே பார்த்தாள். "மாட்டினேன்னு நினைச்சேன் சார்... மறந்துட்டேன் போல. என் தப்புதான். இவளைத் திட்டாதீங்க" என்று சொல்லி, அழுதுகொண்டிருந்த கொடிக்கம்பத்தை அணைத்துக்கொண்டாள்.

போகும்போது தலைமையாசிரியர் அண்ணியிடம் ரகசியமாகச் சொன்னார்: "இனி யோசிக்கவே வேண்டியதில்லைம்மா. புதுக் கட்டடம் உங்களுக்குத்தான்."

கேட்டது கிடைத்துவிட்டது. பையில் கிடந்த அட்டை தொடையில் இடித்துக்கொண்டே வீடு வரை வந்தது.

அன்று இரவு நாத்தனார் சாப்பிட இறங்கி வரவில்லை. அண்ணி தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான் இனிமே பட்டறைக்கு வரலை."

"என்ன பேச்சு இது? சாப்பிடு."

"எனக்குக் கண்ணு முன்னாடி தெரியுது அண்ணி. மீனைக் கையில எடுத்தேன், மாட்டினேன். சத்தியமா மாட்டினேன். ஆனா அங்க இல்லையே? அப்போ என் தலையில ஏதோ சரியில்லை. செய்யாததைச் செஞ்ச மாதிரி தோணுது. இப்படிப்பட்டவளை நம்பி எப்படிப் பிள்ளைங்களை ரம்பத்துக்கிட்ட விடுறது? நாளைக்கே சார்கிட்ட சொல்லிடுறேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை, நீங்க இருந்தீங்க."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அண்ணியால் தாங்க முடியவில்லை. அந்த நேரத்திலும் அவளுக்குள் பொறாமை எட்டிப் பார்த்தது என்பதுதான் விசித்திரம். இப்படி ஒரு மனசும் இவளுக்கே வாய்க்க வேண்டுமா? வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பொறுப்பும் தனக்கு, பட்டறையும் தனக்கு. ஆனால் தன் கண்ணையே நம்ப முடியாமல் ஒரு பெண் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

அண்ணி மீன் அட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"நீ மாட்டினே. நான்தான் எடுத்தேன்."

நாத்தனார் நிமிர்ந்தாள்.

"நீ பின்னாடி இருக்கேன்னு தெரியாது. ஆனா எட்டிப் பாக்கவும் இல்லை. உன்னைப் பத்தி சார் பெருமையா பேசிட்டு வந்தாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது. அவ்வளவுதான்."

"என் கை போயிருக்கும் அண்ணி."

"ஆமா."

"அவ வாழ்க்கை பூரா அழுதிருப்பா, அந்தப் பொண்ணு."

"ஆமா."

நாத்தனார் மீன் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "கீழ போங்க அண்ணி. இப்ப உங்க முகத்தைப் பாக்க முடியலை" என்றாள். அண்ணி போனாள். அன்று கண்ணை மூடி நின்றபோது, அளந்து பேச ஒரு வார்த்தையும் இல்லை.

மறுநாள் தலைமையாசிரியரிடம் உள்ளதைச் சொன்னாள். பொறுப்பு சின்னவளுக்குப் போயிற்று. அண்ணியின் வேலைக்கு ஆபத்து வராமல் போனது நாத்தனார் போய்ச் சொன்ன ஒரு வார்த்தையால்தான் என்று பின்னால் தெரிந்தது. என்ன சொன்னாள் என்று அண்ணி கேட்கவில்லை. கொடிக்கம்பத்தைத் தனியே கூப்பிட்டு, "நீ செஞ்சது சரி. தப்பு பண்ணினது நான்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டு ஓடிவிட்டாள்.

பொறாமை அன்றோடு ஒழிந்துவிட்டது என்று சொன்னால் பொய். பிள்ளைகள் சின்ன மிஸ்ஸைச் சுற்றி மொய்க்கும்போது நெஞ்சில் அது இன்னும் சுருக்கென்றது. வீட்டிலும் இருவருக்கும் பேச்சு உப்பு, தண்ணீர் என்ற அளவில்தான் இருந்தது.

ஒரு நாள் வகுப்பு முடிந்து பட்டறை காலியாக இருந்தது. புதுப் பொறுப்பாசிரியை நாடா ரம்பத்தின் கீழ்க் கதவைத் திறந்தாள்.

"அண்ணி, பிளேடு மாத்தணும். கொஞ்சம் இங்க வாங்களேன்."

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வேணாம். அந்த சுவிட்சுகிட்ட நில்லுங்க. யாரையும் கிட்ட விடாதீங்க."

அண்ணி தூணருகே போய் நின்றாள். சுவிட்சில் மீன் அட்டை இல்லை. நாத்தனார் அவளுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இரண்டு கையையும் முழங்கை வரை சக்கரத்துக்குள் விட்டாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே யாரோ "அண்ணி மிஸ்" என்று கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை.