இல்லை என்போர்

சட்டசபையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. பாதி ஆயுளை அரசு ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாகக் கழித்தவள் என்பதால் தொகுதி முழுக்க அவள் சிஸ்டர்தான். தேர்தல் சுவரொட்டியிலும் அதையே போட்டார்கள். ஜெயித்து உள்ளே வந்ததும் சபாநாயகரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். ஆளுங்கட்சியில் கடைசிக்கு முந்தின வரிசையில் இடம். அங்கே உட்கார்ந்தால் ஏ.சி. காற்று நேராகப் பிடரியில் அடிக்கும்.

அன்றைக்குக் காலையில் அவள் தனியாக வரவில்லை. தம்பி மனைவியையும் பார்வையாளர் மாடத்துக்குப் பாஸ் வாங்கிக் கூட்டி வந்திருந்தாள். தீக்காயச் சிகிச்சைப் பிரிவு பற்றிய அவளுடைய கேள்வி ஒருவழியாக அன்றுதான் பட்டியலில் ஏறியிருந்தது.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சாவு இருந்தது. தொகுதியில் இருக்கும் சாய மில்லில் பாய்லர் வெடித்தபோது அவளுடைய தம்பி அதன் பக்கத்தில் நின்றிருந்தான். உள்ளூர் ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கென்று ஒரு கட்டில்கூடக் கிடையாது. தலைநகரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் அவன் மனைவி. பாதி வழியில், "அக்கா, குளிருது" என்றான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவன் போன கோபத்தில்தான் அவள் வேலையை விட்டுத் தேர்தலில் நின்றாள். ஊரும் அந்தக் கோபத்துக்குத்தான் ஓட்டுப் போட்டது.

தாழ்வாரத்தில் கொறடா எதிரே வந்தார். கட்சி உறுப்பினர்கள் எப்போது கை தட்ட வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்று சொல்வதே அவர் உத்தியோகம். மனிதர் சிரித்தால் யாருக்கோ ஏதோ ஆகப்போகிறது என்று அர்த்தம். அன்றைக்குச் சிரித்தார்.

"சிஸ்டர், உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். வார்டு வந்தாச்சு. மந்திரி அவையிலயே அறிவிக்கப்போறாரு."

"நெஜமாவாங்க?"

"நான் என்ன வெளையாடவா வந்திருக்கேன்? நன்றி சொல்லிட்டு உக்காந்துடுங்க. துணைக் கேள்வி, கிளைக் கேள்வின்னு இழுக்காதீங்க. அப்புறம் ரெண்டு மூணு மசோதா இருக்கு. எல்லாம் சின்னச் சின்னத் திருத்தம். மேசையைத் தட்டுங்க, சாப்பாட்டுக்கு முன்னால முடிச்சிடலாம்."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாடத்துப் படியேறிக்கொண்டிருந்த தம்பி மனைவியை எட்டிப் பிடித்துக் காதில் சொன்னாள். அந்தப் பெண் நம்பாமல் முழித்தாள். "பாத்துக்கிட்டே இரு, உன் காதாலயே கேப்ப" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினாள் சிஸ்டர்.

கேள்வி நேரத்தில் கொறடா சொன்னபடியே நடந்தது. சுகாதார அமைச்சர் எழுந்தார், தலைவரைப் புகழ்ந்தார், தலைவரின் கருணையைப் புகழ்ந்தார், அந்தக் கருணைக்கு ஓர் உவமை சொன்னார், கடைசியில் வார்டு கட்டப்படும் என்றார். ஆளுங்கட்சி வரிசைகள் மேசையைத் தட்டு தட்டென்று தட்டின. சிஸ்டர் எழுந்து நன்றி சொன்னாள். நிமிர்ந்து பார்த்தாள். மாடத்தில் தம்பி மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கம்பியிலிருந்து கையை எடுக்கும்படி அவைக் காவலர் அவளுக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

கேள்வி நேரம் முடிந்ததும் ஒரு கொட்டாவியால் சண்டை மூண்டது. எதிர்க்கட்சித் தலைவர் கொட்டாவி விட்டார், ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர், "பாவம், ராத்திரி எங்க ட்யூட்டியோ" என்றார். அவ்வளவுதான், இருபக்கமும் எழுந்து கத்தியது. அந்த வார்த்தையை அவைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார்கள். சபாநாயகர் நீக்கினார். நீக்கினால் போதாது, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். "கொட்டாவிக்கு எதுக்குய்யா மன்னிப்பு?" என்றார் சொன்னவர். எதிர்க்கட்சி மொத்தமும் கோஷம் போட்டுக்கொண்டே வெளிநடப்புச் செய்தது.

இந்தக் கூத்து ஓயட்டும் என்று சிஸ்டர் மேசையில் வைத்திருந்த மசோதாத் தாள்களைப் புரட்டினாள். மற்றவர்கள் அதை விசிறியாகத்தான் பயன்படுத்துவார்கள். அவளுக்கு வார்டுப் பழக்கம். நோயாளியின் குறிப்பைப் படிக்காமல் மாத்திரை கொடுக்க மாட்டாள்.

இரண்டாவது மசோதா தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றியது. இனிமேல் அரசாங்க ஆய்வாளர் யாரும் மில்லுக்குள் வந்து பாய்லரைப் பார்க்க வேண்டியதில்லை. மில் முதலாளியே, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தனக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்ளலாம். விபத்து நடந்த பிறகு மட்டும் ஆய்வாளர் வருவார்.

மறுபடி படித்தாள். தம்பி வேலை பார்த்த மில்லுக்கு ஆய்வாளர் வந்து வருஷக்கணக்காகிறது என்று விசாரணையில் தெரிந்தபோது, "ஏன் வரல?" என்று ஊரே கேட்டது. அதற்குப் பதில் இதோ வந்துவிட்டது. இனி வரவே வேண்டாம்.

அவள் நேரே கொறடாவின் இருக்கைக்குப் போய்க் குனிந்தாள்.

"இதுதான் உங்க சின்னத் திருத்தமா?"

கொறடா தாளைப் பார்க்கவே இல்லை. "தொழில் வளரணும்ல சிஸ்டர்? ஆய்வுங்கற பேர்ல அவனவன் போய்த் தொல்லை குடுக்கறான்னு முதலாளிங்க கொறைப்படறாங்க."

"என் தம்பி செத்ததே யாரும் போய்ப் பாக்காததாலதான்."

"அதுக்குத்தான் வார்டு குடுத்திருக்கோமே."

"ஆள எரிய விட்டுட்டு மருந்து போடறதுக்கு வார்டா? அப்ப இதுவும் அதுவும் ஒரே பேரமா?"

"குரலக் கொறைங்க. ஒண்ணு வாங்கினா ஒண்ணு குடுக்கணும், இது எல்லா வீட்லயும் நடக்கறதுதான். எதிர்த்தீங்கன்னா வார்டும் போகும், அடுத்த தேர்தல்ல சீட்டும் போகும். போய் உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. முதல் மசோதாவை அமைச்சர் வாசித்துக்கொண்டிருந்தபோதே கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். எதிர்க்கட்சிக்காரர்கள் திரும்பி வந்தால் மசோதாவைத் தோற்கடிக்க முடியாவிட்டாலும் நாலு பேர் நாலு கேள்வியாவது கேட்பார்கள், பேப்பரில் வரும், மக்களுக்குத் தெரியும் என்பது அவள் நினைப்பு.

வாசல் படிக்கட்டில் எதிர்க்கட்சித் தலைவர் மைக்குகளுக்கு நடுவே கொட்டாவியின் கண்ணியம் குறித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் கட்சியின் துணைத் தலைவர் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். நரைத்த மனிதர், தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். அவளுடைய தம்பியின் சாவுக்கு வந்து மாலை போட்டவரும்கூட.

"அண்ணே, உள்ள வாங்க. பாய்லர் ஆய்வையே எடுத்துடற மசோதா வருது. இப்பவே வருது."

அவர் கப்பைக் கீழே வைத்தார். முகம் ஒரு நொடி மாறியது. பிறகு கேமராக்களைப் பார்த்தார். "இன்னிக்கு முழுக்க வெளிநடப்புன்னு அறிவிச்சாச்சும்மா. இப்ப உள்ள போனா, பயந்துபோய்த் திரும்பிட்டாங்கன்னு டிவில ஓட்டுவான். நாளைக்குக் கண்டன அறிக்கை விடறோம்."

"நாளைக்கு எதுக்கு அறிக்கை? செத்தவனுக்குப் போட்ட மாலை மாதிரியா?"

டீ ஆறிவிடும் என்பதுபோல அவர் மறுபடி கப்பை எடுத்தார். அவளுக்கு அதைத் தட்டிவிட வேண்டும்போல் கை பரபரத்தது. தட்டிவிடவில்லை. திரும்பி ஓடினாள்.

உள்ளே வந்தபோது விவாதமே இல்லாமல் விஷயம் ஓட்டெடுப்புக்கு வந்திருந்தது. எதிர்ப்பக்கத்து நாற்காலிகள் காலி. இந்தப் பக்கத்தில் ஒருவர் மொபைலை மேசைக்கடியில் வைத்துக் கல்யாண வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். சபாநாயகர் ராகமாகச் சொன்னார்.

"மசோதாவை ஏற்போர் ஆம் என்க."

"ஆம்" என்றது அவை, சாப்பாட்டு மணிக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடம் மாதிரி.

"மறுப்போர் இல்லை என்க" என்று அவர் அதே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். இல்லை என்று யாரும் சொல்வதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"இல்லை!"

கல்யாண வீடியோ பார்த்தவர் மொபைலைத் தவறவிட்டார். சபாநாயகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சிஸ்டர், தப்பாச் சொல்லிட்டீங்க போல."

"தப்பாச் சொல்லலீங்க. இல்லைன்னுதான் சொன்னேன். எண்ணிப் பாக்கணும்னு கேக்கறேன். அது என் உரிமை."

பக்கத்து நாற்காலிக்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். உதறினாள். "பேரவைத் தலைவர் அவர்களே, இந்தப் பேப்பர இங்க யாராவது படிச்சீங்களா? படிச்சவங்க கையத் தூக்குங்க பாப்போம்!"

மைக் அணைந்தது. அது அணையும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால், இரண்டு வார்டு தள்ளி நிற்கும் ஆயாவைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது, மைக் தேவைப்படவில்லை.

"எரிஞ்ச உடம்பு எப்படி இருக்கும்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா? துணியும் தோலும் ஒண்ணா ஒட்டிக்கிடக்கும். எது துணி, எது தோல்னு பிரிக்கணும். நான் பிரிச்சிருக்கேன். என் தம்பிக்கும் பிரிச்சேன். சான்றிதழ அவனவனே எழுதிக்கலாம்னா, பொணத்தையும் அவனவனே தூக்கிக்கணுமா?"

"உட்காருங்க! இவை எதுவும் குறிப்பில் ஏறாது" என்றார் சபாநாயகர். எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. இல்லை என்போர் எழுந்து நிற்கும்படி சொன்னார். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவள் மட்டும்தான் நின்றாள். யாரோ சிரித்தார்கள். மசோதா நிறைவேறியது.

மாடத்தில் ஒரு சத்தம். தம்பி மனைவி எழுந்து என்னவோ கத்தினாள். காவலர்கள் இருவர் அவளை இரண்டு பக்கமும் பிடித்து வெளியே நடத்திப் போனார்கள். தனக்காகத்தான் கத்துகிறாள் என்று சிஸ்டர் நினைத்தாள்.

வெளிக் கேட்டில் அவளைக் கண்டுபிடித்தபோது அப்படி இல்லை என்று தெரிந்தது. கையில் செருப்பு, ஒன்று வார் அறுந்திருந்தது. கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? பக்கத்துல ஒருத்தர் சொன்னாரு, இனிமே அந்த வார்டு வராதாமே?"

"வராதுதான். கேளும்மா, அவங்க என்ன சட்டம் போட்டாங்கன்னா..."

"சட்டம் எனக்கெதுக்கு? வார்டு இருந்திருந்தா அவரு பொழைச்சிருப்பாரு. நீங்கதானே சொன்னீங்க? ஆம்புலன்ஸ்ல வெச்சு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா பாய்லரப் பாத்திருந்தா அவன் எரிஞ்சிருக்கவே மாட்டான்."

"அதான் சட்டம் போட்டுட்டாங்களே! நீங்க கத்தினதால நின்னுச்சா? ஒரே ஆளா நின்னு கத்தி, கையில கெடைச்சதையும் போட்டு ஒடைச்சிட்டு வந்திருக்கீங்க. உங்க ஆத்திரம் தீந்துச்சு. நாளைக்கு இன்னொருத்தன் எரிஞ்சா எங்க தூக்கிட்டு ஓடுவோம்? மறுபடி அதே ரோட்லதானே?"

தம்பி மனைவி சொல்வதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயமே சிஸ்டருக்கு ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. "அப்ப வாய மூடிக்கிட்டு மேசையத் தட்டச் சொல்றியா? அவன் சாவுக்கு நானே கை தட்டணுமா?" என்று தெருவென்றும் பாராமல் கத்தினாள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். தம்பி மனைவி அறுந்த செருப்பை அங்கேயே வீசிவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே கட்சியிலிருந்து நீக்கினார்கள். வார்டு "மறுபரிசீலனையில்" வைக்கப்பட்டது. துணைத் தலைவர் சொன்னபடி கண்டன அறிக்கை விட்டார். அதில் கொட்டாவிக்கு முதல் பத்தி, பாய்லருக்குக் கடைசி வரி. சிஸ்டருக்குச் சபையில் எந்தக் கட்சியும் சேராத தனி இருக்கை ஒன்று கிடைத்தது. தூணுக்குப் பின்னால். தினமும் போனாள். மசோதாக்களைப் படித்தாள். பிடிக்காததற்கு இல்லை என்றாள். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. தம்பி வீட்டுக்குப் போன் போட்டால் எடுப்பாரில்லை.

ஒருநாள் தம்பி மனைவியிடமிருந்தே போன் வந்தது.

"அக்கா, மில்லுக்குள்ள வேலை பாக்கறவங்க சொன்னாங்க, பாய்லர்ல ஆவி கசியுதாம். சொன்னா மேனேஜர் சான்றிதழத் தூக்கிக் காட்டறானாம். நாங்க பொம்பளைங்க எல்லாம் கேட்டுக்கு முன்னால உக்காந்திருக்கோம். தொறந்து காட்டற வரைக்கும் யாரையும் உள்ள விடறதில்ல. நீங்க வாங்க."

"நானா?"

"உங்க மேல இருக்கிற கோவம் அப்படியேதான் இருக்கு. அது தனி. வர்றீங்களா, இல்லையா?"

அவள் போனாள். கேட்டை மறித்து உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேரின் வீட்டு ஆண்கள் உள்ளே வேலை பார்ப்பவர்கள். போலீஸ் வந்தது. எம்.எல்.ஏ.வைத் தூக்கலாமா கூடாதா என்று மேலிடத்தைக் கேட்டுக்கொண்டே நின்றது. மேனேஜர் கேட்டுக்கு உள்ளிருந்து சான்றிதழை ஆட்டினான். "அத உன் வீட்டுச் சுவத்துல மாட்டு. பாய்லரக் காட்டு" என்றாள் தம்பி மனைவி. வேலை நின்று, சாயத் தொட்டியில் துணி ஊறிக் கெட்டுப்போக ஆரம்பித்த பிறகுதான் முதலாளிக்கு இறங்கிவர மனம் வந்தது. வெளியிலிருந்து பொறியாளர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் பார்த்த மாத்திரத்தில் நெருப்பை அணைக்கச் சொன்னார். பாய்லரைப் பழுது பார்க்க ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

சட்டம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. வார்டு வரவில்லை. அந்த இரண்டு பெண்களும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னமும் சண்டையில்தான் முடிகிறது. ஆனால், தொகுதியில் எந்த மில் வாசலில் உட்காருவதென்றாலும் இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, ஒரே சீட்டில்.