மேல் லயத்துக் குறுக்குப் பாதை

செத்துப்போன மகனின் போன் அடித்தபோது நாகலெட்சுமி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவன் போனதற்குப் பிறகும் அதற்குச் சார்ஜ் போட்டு வைப்பதை அவள் விடவில்லை. மாவுக் கையோடு எடுத்துக் காதில் வைத்தாள்.

"கிஷாந்த் தானே?" சிங்களவர் பேசும் தமிழில் ஓர் ஆண் குரல் கேட்டது. "மழையால நின்ன மலை ஓட்டத்த பங்குனிக்கு மாத்தியிருக்கு. பட்டிப்பொலயில இருந்து டிக்கோயா வரைக்கும். உங்க பேரு இன்னும் இருக்கு. வாறீங்க தானே?"

மகன் இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"வாறோம்" என்றாள்.

போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தாள். ரொட்டி ஒரு பக்கம் கருகியிருந்தது.

கிஷாந்த் ஸ்டோர் என்று சொல்லும் தோட்டத்துத் தேயிலை ஆலையில் இயந்திர வேலை செய்தவன். தேயிலை அரைபடும் சத்தத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு, வெளியே வந்ததும் காலில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு மலை ஏறிவிடுவான். நாகலெட்சுமிக்கு அது பிடிக்கவே இல்லை. "கூலிக்கு ஏறியே எங்க முட்டி தேஞ்சு போச்சு. நீ ஏன்டா சும்மா ஏறுற?" என்று கேட்டிருக்கிறாள். அவன் சிரிப்பான். அவனோடு சேர்ந்து ஓடியவள் சுதர்ஷினி, தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் முன்பள்ளி ஆசிரியை. இரண்டு பேரும் மலை மலையாக ஓடித் திரிகிறார்கள் என்று கொழுந்து எடுக்கிற இடத்தில் பேச்சு வந்தபோது, நாகலெட்சுமி அந்தப் பெண்ணின் வாசலுக்கே போய் நின்று, "என் மகன விட்டுரு" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தாள். அதைக் கேள்விப்பட்ட கிஷாந்த் இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை.

கார்த்திகையில் அந்த மழை வந்தது. விடாமல் கொட்டிய மழையின் ஒரு விடியலில், ஓடப் போன கிஷாந்த் பாதி வழியில் திரும்பி வந்தான். மேலே ஓடைத் தண்ணீர் சேறாக வருகிறது, மண் வெடித்திருக்கிறது என்றான். போனை அம்மாவின் கையில் கொடுத்து, "நனையாம வச்சுக்குங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு, மலைமேல் இருந்த தொழிலாளர் வீட்டு வரிசைகளான மேல் லயத்துக்கு ஓடினான். மாரியம்மன் கோயில் பாறை மேட்டில் இருந்தது. அங்கே நின்று நாகலெட்சுமி மேலே பார்த்தாள். மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. மேல் லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கடைசியாகப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பேச்சியம்மா வந்தாள். "எங்க கதவத் தட்டி எழுப்பிட்டு கடைசி லயத்துக்குப் போனான்" என்றாள். அதற்குப் பிறகுதான் மலை சரிந்த அந்தச் சத்தம் கேட்டது.

கடைசி லயத்தில் இருந்தது பழனியாண்டியும் அவர் மனைவியும். பழனியாண்டிக்குச் சர்க்கரை நோயில் ஒரு கால் எடுத்தாகிவிட்டது. மூன்று உடல்களையும் இராணுவத்தார் சில நாள் கழித்துத்தான் எடுத்தார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நாகலெட்சுமி ஒரே வார்த்தையைச் சொன்னாள்: "எம் புள்ளைக்கு ஓடி வர நேரம் இல்லாம போச்சு." கேட்டவர்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள். "ஆமா, நேரம் இல்ல. இருந்தா அவன் வந்திருப்பான். அவன் ஓட்டம் யாருக்கு வரும்?"

போன் வந்த மறுநாள், முன்பள்ளி விடும் நேரத்துக்கு நாகலெட்சுமி அங்கே போய் நின்றாள். பிள்ளைகள் போகும்வரை சுதர்ஷினி வெளியே வரவில்லை. வந்தபோது அவள் முகத்தில் கோபமும் இல்லை, வரவேற்பும் இல்லை.

"என்னங்கம்மா?"

"அவன் ஓட இருந்த ஓட்டத்த நான் ஓடணும். நீதான் சொல்லித் தரணும்."

சுதர்ஷினி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்பது கிலோமீட்டர்மா. உங்களுக்கு வயசு அம்பதுக்கு மேல."

"தெரியும்."

"எதுக்கு?"

"எதுக்கு ஓடுறன்னு அவன்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். கேட்டேனே தவிர, அவன் சொன்னதக் காது குடுத்துக் கேக்கல" என்றாள். பிறகு, "உன் வாசல்ல வந்து பேசுனது தப்பு புள்ள" என்றாள்.

சுதர்ஷினி கதவைப் பூட்டினாள். "அந்த ஓட்டப் பாதை மேல் லயம் வழியாத்தான் போகுது. தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சும் ஓடுறதுன்னா நாளைக்கு வேலை விட்டு வாங்க."

மறுநாள் நாகலெட்சுமி போனாள். ஹட்டனில் பழைய சாமான் விற்கும் சிப்னாஸ் கடையில் யாரோ போட்டுக் கழித்த சப்பாத்து ஒன்று அவள் காலுக்குச் சரியாக அமைந்தது. கிஷாந்தின் காற்சட்டையை இடுப்பில் மடித்துக் கட்டி, மேலே பழைய சட்டை போட்டுக்கொண்டாள். ஏற்றம் அவளுக்குப் புதிதில்லை. கொழுந்துக் கூடையோடு ஏறிய கால்கள்தான். ஓட்டம்தான் வரவில்லை. நூறு அடி ஓடினால் நெஞ்சு அடைத்தது. "ஏத்தத்துல ஓடாதீங்க, நடங்க. கைய முட்டியில ஊண்டிக்குங்க" என்று சுதர்ஷினி சொல்லித் தந்தாள். இறக்கத்தில் எட்டிப் போடாமல் சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். பசி வருவதற்கு முன்பே சாப்பிட வேண்டும். அவித்த உருளைக்கிழங்கில் உப்பைத் தூக்கலாகப் போட்டுப் பையில் கட்டிக்கொண்டு போனார்கள். முதல் மாதத்தில் பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. இரண்டாவது மாதத்தில் ஒருநாள், நானுஓயா வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து மலைப்பாதையாகவே திரும்பி வந்தார்கள். அன்று நடுவழியில் நாகலெட்சுமி திடீரென்று கவனித்தாள்: மூச்சு தானாகப் போய் வந்துகொண்டிருந்தது. தேயிலைச் செடிகள் இரண்டு பக்கமும் ஓடின. மனதில் ஒன்றுமே இல்லை. மகன் செத்ததுகூட இல்லை. அது உறைத்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"அவன மறந்துட்டேன் புள்ள. கொஞ்ச நேரம்."

"அதுக்குத்தாம்மா நானும் ஓடுறேன்" என்றாள் சுதர்ஷினி.

மகன் போன துக்கத்தில் பித்துப் பிடித்துவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா மட்டும், "காலப் பாத்துக்க நாகலெட்சுமி" என்றார். எல்லா மலையிலும் ஓடினார்கள். மேல் லயத்துப் பக்கம் மட்டும் சுதர்ஷினி கூட்டிப் போகவில்லை. நாகலெட்சுமியும் கேட்கவில்லை. மண் சரிந்த நாளிலிருந்து அவள் அங்கே கால் வைத்ததில்லை.

ஓட்டத்தன்று காலை பட்டிப்பொல ஸ்டேஷன் பக்கத்தில் கடுங்குளிர். வெள்ளைக்காரர்களும் கொழும்புக்காரர்களும் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். சுதர்ஷினி கூடவே வருகிறேன் என்றாள்.

"வேணாம். நீ உன் ஓட்டத்த ஓடு. எனக்காக நின்னா அவனுக்குப் புடிக்காது."

சுதர்ஷினி போய்விட்டாள். கொஞ்ச தூரத்துக்குள்ளேயே நாகலெட்சுமிக்கு முன்னால் யாரும் தெரியவில்லை. பின்னால் ஒரே ஒருவர் வந்தார். பண்டார என்று பெயர், இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி ஆளுக்குப் பின்னால் வருவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அவள் நடந்தால் நடந்தார், ஓடினால் ஓடினார். குறித்த நேரத்துக்குள் தாண்ட வேண்டிய இடங்களையெல்லாம் அவள் மயிரிழையில் தாண்டினாள். உருளைக்கிழங்கு தீர்ந்தது. வெயில் ஏறியது. முகடு தாண்டி இறங்கும் இடத்தில் மண் சரிந்த செம்மண் தழும்பு கண்ணில் பட்டபோது, தங்கள் மலைக்கு வந்துவிட்டது தெரிந்தது.

தழும்பு நெடுக மானாப்புல் முளைத்திருந்தது. கடைசி லயம் நின்ற இடத்தில் ஒரு மூலைச் சுவர் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு அடுத்த பேச்சியம்மாவின் லயம் கூரையில்லாமல் நின்றது. அதன் பக்கத்திலிருந்து கோயிலுக்கு இறங்கும் குறுக்குப் பாதையின் கல்படிகள் அப்படியே இருந்தன. ஓட்டக்காரர்களுக்கான சிவப்புக் கொடிகள் வேறு பக்கமாக, ஸ்டோர் ரோட்டைப் பார்த்துப் போயின.

நாகலெட்சுமி அந்தச் சுவரைத் தொட்டாள். பிறகு குறுக்குப் பாதையில் இறங்கினாள்.

"அக்கா, பாதை அந்தப் பக்கம்" என்று பண்டார சிங்களத்தில் கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. சுதர்ஷினி சொல்லித் தந்தபடி சின்ன அடியாக, படியில் காலை வைத்தும் வைக்காமலும் இறங்கினாள். கோயில் வாசலில் வந்து நின்றபோது அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. இவ்வளவு கிட்டவா? நின்று யோசித்தாள். பேச்சியம்மா அன்று என்னவெல்லாம் செய்தாள் என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பேத்தியை எழுப்பி, துணி சுற்றி, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு, வழுக்கும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தாள். வந்து சேர்ந்து தலை துவட்டினாள். அதற்கும் பிறகுதான் சத்தம்.

நாகலெட்சுமி மறுபடி மேலே ஏறினாள். கையை முட்டியில் ஊன்றி விறுவிறுவென்று ஏறி, சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் கோயிலுக்கு ஓடினாள். பதினைந்து மணி நேரம் கொழுந்து எடுத்தவள் போலக் களைத்த கால், வயசான கால். அதுவே வந்து சேர்ந்துவிட்டது. அவன் இருபத்தாறு வயசுப் பிள்ளை.

அவள் கோயில் படியில் உட்கார்ந்தாள். பண்டார கொஞ்சம் தள்ளி நின்றார். வெகுநேரம் கழித்து, ஸ்டோரைத் தாண்ட வேண்டிய நேரம் முடிந்துவிட்டது, இனிப் போட்டியில் அவள் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நாகலெட்சுமி நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத் துணியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தாள். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"நான்தான் போட்டியில இல்லியே. நீங்க ஏன் வாறீங்க?" என்று அவள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டாள்.

"மலையில் ஒருத்தரையும் விட்டுவிட்டு நான் இறங்கக் கூடாது. அதுதான் என் வேலை" என்றார் அவர்.

நாகலெட்சுமி நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு ஒன்றும் தெரியாது. தன் வேலையைத்தான் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

டிக்கோயா ரோட்டில் பாதி தூரம் வந்தபோது, எதிரே சுதர்ஷினி வந்தாள். ஓடி முடித்து, உடுப்புக்கூட மாற்றாமல் தேடிக்கொண்டு வந்திருந்தாள். பெண்களில் நாலாவதாக வந்திருந்தாள். அதை நாகலெட்சுமி கேட்டபிறகுதான் சொன்னாள். பண்டார பேச்சுக் கேட்காத தூரத்தில் பின்தங்கிக்கொண்டார்.

"கால் ஏதும் புடிச்சிக்கிச்சாம்மா?"

"நேரம் இருந்துச்சு புள்ள" என்றாள் நாகலெட்சுமி. "அவனுக்கு எறங்கி வர நேரம் இருந்துச்சு. நான் ஓடிப் பாத்தேன்."

"தெரியும்மா" என்றாள் சுதர்ஷினி.

"தெரியுமா?"

"காரியம் முடிஞ்ச கையோட போய் ஓடிப் பாத்தேன். கிஷாந்த் வேகம் எனக்குத் தெரியும்ல. ரெண்டு தடவ எறங்கி ஏறியிருக்கலாம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நேரம் இல்லாம போச்சுன்னு சொல்லிச் சொல்லித்தாம்மா நீங்க ஒரு வாய் சோறு தின்னீங்க. அத நான் எப்புடிப் புடுங்குறது?"

ரோட்டோரத்தில் கொழுந்து லொறி ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. நாகலெட்சுமி மதகில் உட்கார்ந்தாள்.

"பழனியாண்டி அண்ணன தூக்கிக்கிட்டு வரப் பாத்திருப்பான்" என்றாள்.

"ஆமாம்மா. தூக்காம வந்திருக்க மாட்டான்."

"வந்திருக்கலாம்ல." குரல் அவளை அறியாமல் உயர்ந்தது. "பெத்தவ கீழ நிக்கிறேன்னு தெரியும்ல. அவங்கள விட்டுட்டு வந்திருக்கலாம்ல."

சுதர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்தாள். மகனின் உடலைக் கொண்டுவந்து கிடத்திய அன்றுகூட நாகலெட்சுமி இப்படி அழவில்லை. முதலில் அவன்மேல் கோபத்தில் அழுதாள். பிறகு கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகை மட்டும் இருந்தது. சுதர்ஷினியின் தோளும் குலுங்கிற்று. நாகலெட்சுமி அவள் தலையை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். ஹட்டன் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. பண்டார கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

டிக்கோயா மைதானத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஓட்டம் முடியும் இடத்தில் நிறுத்திய வளைவைக் காற்று இறக்கி மடித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த தேத்தண்ணியை யாரோ பிளாஸ்டிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார்கள். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு இளம்பெண், "ஆன்டி, எங்க வச்சு முடியாமப் போச்சு? காலா?" என்று பரிவோடு கேட்டாள்.

"கால் நல்லாத்தான் இருக்கு" என்றாள் நாகலெட்சுமி. "வழியில ஒரு வேல இருந்துச்சு."

குவளையை வைத்துவிட்டுப் பண்டாரவைக் கும்பிட்டாள். சுதர்ஷினியிடம், "வா புள்ள, வீட்டுக்குப் போய் ஏதாச்சும் ஆக்கித் தின்னுவோம்" என்றாள். இரண்டு பேரும் பஸ் நிற்கும் இடத்துக்கு மெதுவாக நடந்தார்கள்.