மெழுகில் இருக்கும்போதே

பல் செட் செய்யும் கூடத்தில் நானும் என் கணவரின் அக்காவும் வேலை பார்த்தோம்; அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் சாவிக்கொத்து அண்ணியின் இடுப்பில். வேலையிடத்தில் அவர் அடுக்கிய பற்களுக்கு 'சரி' போடும் பேனா என் கையில். "ரெண்டு பக்கமும் நான் தலையாட்டிக்கிறேன், என்னை விட்டுடுங்க" என்று என் கணவர் கழன்றுகொண்டார்.

பற்களை முதலில் மெழுகில்தான் அடுக்குவோம். அது டாக்டரிடம் போய், நோயாளி வாயில் வைத்துப் பார்த்துத் திரும்பிய பிறகே வேகவைத்துக் கெட்டியாக்குவோம். மெழுகில் இருக்கும்வரை எந்தப் பல்லையும் நகர்த்தலாம். வெந்துவிட்டால் உடைக்கத்தான் வேண்டும்.

அண்ணியின் கை சுத்தம். குறை ஒன்றுதான். யாராக இருந்தாலும் முன்பற்களை அடிக்கோல் வைத்தாற்போல் நிறுத்திவிடுவார். எழுபது வயதுக்காரருக்கும் விளம்பரச் சிரிப்பு. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் டீ குடிக்கப் போகும் நேரத்தில் சூடான கத்தியால் நானே ஒரு பல்லைத் திருப்பி, இன்னொன்றைச் சற்று ஏற்றி, 'சரி' போட்டு அனுப்பிவிடுவேன். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது.

பிறகு காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்துவிட்டேன். அதற்குள் மூன்று செட் திரும்பி வந்தன. மூன்றிலும் ஒரே புகார்: முகம் மாறிவிட்டது.

"இன்னொண்ணு வந்துச்சுன்னா அவங்களை மாவு ரூமுக்கு மாத்திடுவேன். நீங்களே சொல்லிடுங்க" என்றார் முதலாளி. அச்சு எடுக்கும் மாவு எப்போதும் பறந்துகொண்டிருக்கும் அறை அது. அண்ணிக்கு மூச்சு இழுப்பு உண்டு.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்தபடி ஆரம்பித்தேன். "அண்ணி, உங்க கைச் சுத்தம் இங்க யாருக்குமே வராது..."

"குட்டப் போறவதான் முதல்ல தலையைத் தடவுவா. விஷயத்துக்கு வா."

சொன்னேன்.

"ஒன்றரை வருஷமா திரும்பாதது இப்ப மட்டும் ஏன் திரும்புது?"

"இவ்வளவு நாளும் நான் மாத்தி அனுப்பினேன்."

கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப என் கண்ணைக் கட்டிவிட்டுட்டு என் வேலையை நீ பார்த்திருக்கே."

"பயமா இருந்துச்சு, அண்ணி."

"என்ன பயம்? குழம்புல உப்பில்லன்னு நான் சொல்லும்போது பயந்தேனா?"

"நீங்க எங்க பயந்தீங்க? தெருவுக்கே கேட்டுச்சு."

கோபத்தின் நடுவிலேயே சிரித்துவிட்டார், வழக்கம்போல் வாயைக் கையால் பொத்திக்கொண்டு. அவருடைய முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் ஏறியிருக்கும். அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

"கையை எடுங்க. அந்தப் பல்லை நேராக்கிட்டா நீங்க எங்க அண்ணியா இருக்க மாட்டீங்க. பல் செட் போடறவங்க வீட்டுலயும் அப்படித்தானே இருக்கும்?"

அண்ணி டப்பாவை மூடிவிட்டு, "இனிமே மெழுகுல இருக்கும்போதே சொல்லு. நான் இல்லாதப்ப தொடாதே" என்றார்.

"நீங்களும் குழம்பு அடுப்புல இருக்கும்போதே சொல்லுங்க."

"வாய் பாரு."

அன்று மதியம் வந்தது ஒரு பஸ் டிரைவரின் அளவு. அவருடைய பழைய போட்டோவை டாக்டரிடம் கேட்டு வாங்கி, எதிரில் சாய்த்து வைத்துக்கொண்டு அண்ணி அடுக்கினார். ஒரு பல்லைச் சற்றே திருப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் திருப்பலாம்."

"இதுக்கு மேல திருப்பினா சண்டைக்கு வர்ற மாதிரி இருப்பார்டி."

அவர் சொன்னதுதான் சரி. கத்தியை எடுக்காமல் பேனாவை எடுத்தேன்.

டாக்டரின் சீட்டோடு அது திரும்பியது: 'மனைவி பார்த்துவிட்டார். எதையும் மாற்ற வேண்டாம்.' மாவு ரூம் பேச்சு அதோடு நின்றது. பதினோரு வருடம் அண்ணி அதே நாற்காலியில்தான் இருந்தார்.

போன வருடம் தவறிவிட்டார். கூடத்தில் யாரோ எடுத்த ஒரு படத்தில் மட்டும் வாயைப் பொத்தாமல் சிரிக்கிறார். அதைப் பெரிதாக்கக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் காட்டினார். பல் நேராக இருந்தது.

"அழகாக்கியிருக்கேம்மா."

பழைய நானாக இருந்தால் தலையாட்டிவிட்டு வாங்கி வந்து, பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் அந்தப் பல்லைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

"வேலை சுத்தமா இருக்கு தம்பி. ஆனா இது எங்க அண்ணி இல்லை. இன்னும் பிரிண்ட் போடலையே? அந்தப் பல்லை மட்டும் பழையபடி வெச்சுக் குடுங்க."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. வைத்துக் கொடுத்தார். சமையலறையிலிருந்து பார்த்தால் தெரிகிற சுவரில் மாட்டியிருக்கிறேன். குழம்பைக் கொதிக்கும்போதே ருசி பார்த்துக்கொள்கிறேன்.