பல்லி உத்தரவு

எங்கள் புது வீட்டின் பூஜை அறைக்குக் கண்ணாடிக் கதவு உண்டு. உள்ளே கிரானைட் மேடை, சாமி படங்களுக்குப் பின்னால் சுழலும் எல்.இ.டி. ஒளிவட்டம், மேலே ஒரு சின்ன மின்விசிறி. என் அறையில் மின்விசிறி இன்னும் மாட்டவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் யாருக்கு என்ன இடம் என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காகச் சொன்னேன்.

அந்த அறையைத் திட்டம் போட்டவர் என் அத்தை சிவனம்மாள். அப்பாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். எந்தச் சாமி எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதில் அவர் சொல்லுக்கு மறுப்புக் கிடையாது, சாமிகளே மறுத்ததில்லை. அறுபதை நெருங்கியும் தலையில் ஒரு நரை இல்லை. எல்லாம் ஆசாரத்தின் பலன் என்பார். வாராவாரம் எங்கள் வீட்டுத் தொட்டியிலிருந்து கறிவேப்பிலை ஒடித்துப் போய் எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

பூஜை அறையில் எல்லாச் சாமிக்கும் இடம் இருந்தது, அம்மாவின் சாமியைத் தவிர.

அம்மா புவனேஸ்வரிக்கு ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே ஒரு தக்காளிக் காட்டு ஊர். அங்கே வரப்போரம் மூன்று கல்லாக இருப்பவள் மேட்டாயி. சிலை இல்லை, பூசாரி இல்லை, கூரை அறவே இல்லை. அவளுக்குக் கூரை ஆகாது. யாரோ பக்தி முற்றித் தகரம் போட்டபோதெல்லாம் காற்று தூக்கிப் பக்கத்துத் தோட்டத்தில் எறிந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் அந்தத் தகரத்தில்தான் மாட்டுக்கொட்டகை போட்டிருக்கிறார்.

கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுச் சாமியைத்தான் கும்பிட வேண்டும் என்பது முறை. அம்மாவும் அப்பா குடும்பத்துக் கருப்பசாமிக்கு வருஷந்தவறாமல் பொங்கல் வைத்தாள். பால் காய்ச்சிக் குடிவந்த மறுவாரம், வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வீட்ல எங்க மேட்டாயிக்கும் ஒரு எடம் வேணும். பேரச் சொல்லி ஒரு வெளக்கு ஏத்தணும்."

அப்பா நாச்சிமுத்து பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர். விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஒரே மாதிரி தலையாட்டிப் பழகியவர். இப்போதும் ஆட்டினார்.

"அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க."

கேட்டோம். அத்தை வந்து நடு ஹாலில் உட்கார்ந்தார்.

"ஏத்தா புவனா, கட்டிக் குடுத்தவளுக்கு ஏது பொறந்த வீட்டுச் சாமி? சீர்வரிசையில பீரோ வந்துச்சு, கட்டில் வந்துச்சு. சாமி வந்துச்சா?"

"கேட்டா குடுத்திருப்பாகளா மதினி?"

"குடுத்தாலும் ஆகாது. சாமிய வேற எடத்துல வெக்கணும்னா அது எடத்துல இருந்து பிடிமண் எடுத்தாரணும். அத ஆம்பளப் பங்காளி எடுக்கணும். அது போக, உத்தரவு வேணும்."

"யாரு உத்தரவு அத்தை?" என்றேன்.

"பல்லி உத்தரவு மருமகனே. எங்க கருப்புக்கே அப்படித்தான் கேட்டோம். அடுத்த வெள்ளிக்கெழம சாயங்காலம் வாரேன். நான் உக்காந்திருக்கப் பல்லி சொல்லணும். சொல்லலையா, இந்தப் பேச்ச இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது."

"சரி மதினி" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் நிலைப்படிக்கு மேலே பார்த்தாள். அங்கே ஒரு முட்டை ஓடு இருந்தது.

எங்கள் வீட்டில் பல்லி கிடையாது. காரணம் அம்மா. குழம்புக்குள் பல்லி விழுந்த கதை ஒன்றைச் சின்ன வயதில் யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து குடியிருந்த வீடெல்லாம் கதவுக்குக் கதவு முட்டை ஓடு, டியூப் லைட்டுக்கு டியூப் லைட் மயிலிறகு. இந்த வீட்டில் பால் காய்ச்சும் முன்பே முட்டை ஓடு வந்துவிட்டது. அத்தைக்கு இது நன்றாகத் தெரியும்.

அன்றே எல்லா முட்டை ஓட்டையும் மயிலிறகையும் இறக்கினோம். பூச்சி வந்தால் பல்லி வரும் என்று ஜன்னலைத் திறந்து விளக்கை எரியவிட்டோம். கொசு வந்தது. ஈசல் வந்தது. ஒரு தவளை வந்து பூஜை அறைக் கண்ணாடியில் முட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பல்லி வரவில்லை. இத்தனை வருஷப் பகையை ஒரு வாரத்தில் மறக்க அதற்கு என்ன அவசரம்?

இதற்கிடையில் பீடம் கட்டும் வேலை எனக்கு வந்தது. கூரை ஆகாதவளுக்கு மொட்டை மாடியை விட்டால் வேறு இடம் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைவாக மூன்று செங்கல்லை நட்டேன். அம்மா வந்து பார்த்தாள்.

"அங்கிட்டு வேணாம்ப்பா. கறிவேப்பிலைத் தொட்டிக்கிட்ட வையி."

"அது நடுவுல இருக்கும்மா. துணி காயப்போட எடைஞ்சல்."

"துணி வேற எடத்துல காயட்டும்."

அந்தக் கறிவேப்பிலைத் தொட்டி விளிம்பு உடைந்த மண் தொட்டி. நாங்கள் எத்தனையோ வாடகை வீடு மாறியிருக்கிறோம். டி.வி. லாரியில் வரும், தொட்டி மட்டும் ஆட்டோவில் அம்மா மடியில் வரும். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் தண்ணீர். கேட்டால் பூச்சி அண்டாது என்பாள். செடிப் பைத்தியம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். தொட்டிக்கு முன்னால் செங்கல்லை மாற்றி நட்டு, சுண்ணாம்பும் காவியும் பட்டை அடித்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, பஸ் ஸ்டாண்டு ரோட்டு நடுத்திட்டு மாதிரி.

வியாழக்கிழமை, என் வகுப்புத் தோழன் ஃபாரிஸ் பிரியாணி டப்பா ஒன்றோடு வந்தான். மூடியில் காம்பஸால் போட்ட ஓட்டைகள். உள்ளே ஒரு பல்லி.

"பேகம்பூர்ல எங்க வீட்லயே புடிச்சேன் மாப்ள. எங்கம்மா பல்லியக் கண்டா வெளக்கமாத்தத் தூக்கும். அதனால இதுக்கு இது விடுதலைடா."

"எங்க அத்தை முன்னாடி சத்தம் குடுக்குமா?"

"உங்க அத்தை முன்னாடி நானே சத்தம் குடுக்க மாட்டேன்."

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னலே இது? ஆள் வெச்சுப் புடிச்சாந்து சொல்லவெக்கிறதுக்குப் பேரு உத்தரவா?" என்றவள், டப்பாவுக்குள் அது வயிறு துடிக்கக் கிடப்பதைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "சரி, வெயில்ல வந்திருக்கு பாவம். தொறந்து விடு. இருந்தா இருக்கட்டும்."

அது சுவரேறிக் கடிகாரத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. மறுநாள்வரை மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை தலைக்குக் குளித்துக் கொண்டை போட்டு வந்தார். ஹாலில் பாய் விரித்தோம். டி.வி.யை நிறுத்தினோம், மின்விசிறியையும் நிறுத்தினோம். ஃபாரிஸ் அத்தைக்குப் பயந்து வெளிக்கேட்டோடு நின்றுகொண்டான். அம்மா சுவரில் சாய்ந்து, கடிகாரத்தையே பார்த்தாள். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. அப்பா ஒரு முறை தும்மப் பார்த்து, அக்காவின் முகத்தைக் கண்டு விழுங்கிக்கொண்டார். வெளிச்சம் மங்கி வந்தது. கடிகாரத்தில் முள் மட்டும் பேசியது.

அத்தை முழங்காலில் கை ஊன்றினார். முகத்தில் ஒரு நிறைவு.

"அம்புட்டுத்தான். பல்லி சொல்லல. பிடிமண் இல்ல, பங்காளி இல்ல, உத்தரவும் இல்ல. பெறகு அவ எப்படி வருவா? உங்க மேட்டாயி எங்க யாரையும் கேக்காம முன்னாடியே வந்து இந்த வீட்டு மொட்ட மாடியில சட்டமா உக்காந்திருந்தாத்தான் உண்டு!"

ச்சக் ச்சக் ச்சக்.

கடிகாரத்துக்குப் பின்னாலிருந்துதான்.

பேசும்போது பல்லி சொன்னால், பேசியது சத்தியம் என்று அர்த்தம். ஆமாம் என்று விரலால் தரையைத் தட்டுவதும் எங்கள் பக்கத்துப் பழக்கம். அது யோசித்துச் செய்வதல்ல, கொட்டாவிக்குச் சொடக்குப் போடுவது மாதிரி. அத்தையின் விரல் டொக் டொக் டொக் என்று தரையைத் தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான் அத்தைக்கு அது தன் விரல் என்றே தெரிந்தது.

"நான்... நான் கிண்டலுக்குல்ல சொன்னேன்" என்றார்.

பல்லிக்குக் கிண்டல் புரியாது. கல்லூரியில் எங்கள் துறைத் தலைவரும் அப்படித்தான்.

அப்போது அப்பா வாயைத் திறந்தார். அக்காவுக்கு எதிராக அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தட்டிட்டியேக்கா."

அம்மா எழுந்தாள். விளக்கையும் தீப்பெட்டியையும் எடுத்தாள். "வாங்க மதினி, மாடிக்கு."

மேலே கறிவேப்பிலைத் தொட்டிக்கு முன்னால் நின்று சொன்னாள்.

"பல்லி பொய் சொல்லல. அவ வந்து ரொம்ப நாளாச்சு. எங் கல்யாணத்தன்னைக்கு விடியமுன்ன தக்காளிக் காட்டுக்குப் போயி ஒரு பிடி மண்ண முந்தானையில முடிஞ்சிட்டு வந்தேன். மண்டபத்துல உங்காளுக என் நகையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்தீக. முந்தானைய ஒருத்தரும் அவுத்துப் பாக்கல. அந்த மண்ணுலதான் இந்தச் செடி நிக்கிது."

அப்பா தொட்டியைப் பார்த்தார். மேற்படி தொட்டியின் மீது துண்டு காயப்போட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட பழைய வசவுகளுக்கெல்லாம் அவருக்கு அன்றுதான் விளக்கம் கிடைத்தது.

"இம்புட்டு வருசமா சொல்லலையே நீ" என்றார் அத்தை.

"சொன்னா தூக்கிப் போடச் சொல்லியிருப்பீக. மாமியா வீடு, வாடகை வீடுன்னு மடியில தூக்கிட்டு அலஞ்சேன். செடிக்கு ஊத்துறாப்புல அவளுக்கு ஊத்துனேன். இது என் வீடு மதினி. இனிமே ஒளிச்சு வெக்க மாட்டேன்."

அத்தையின் கை மெல்ல மேலே போனது. கொண்டையைத் தொட்டது. வாராவாரம் காய்ச்சித் தேய்த்த எண்ணெய் எல்லாம் அவர் கண் முன்னால் வந்திருக்க வேண்டும்.

அம்மா விளக்கை ஏற்றினாள். அதுவரை அவள் யாரையும் சத்தமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கேஸ்காரரைக்கூட ஜாடையில்தான் கூப்பிடுவாள். இப்போது தலையை நிமிர்த்தி, "ஏ மேட்டாயீ!" என்று கூப்பிட்டாள். மூன்று வீடு தள்ளி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். தெருநாய் ஒன்று எழுந்து நின்றது. கீழே ஃபாரிஸ் பதறிப்போய்க் கத்தினான்.

"மாப்ள, பல்லி சொல்லிருச்சாடா?"

அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். "சொல்லிருச்சுப்பா! மேல வா, பொங்கல் இருக்கு!"

காலையிலேயே வைத்துவிட்டாளாம்.

அப்பா சத்தமில்லாமல் இறங்கிப் போய் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். செவ்வரளிச் சரம். கருப்பசாமிக்கு எப்போதும் வாங்குவது சம்பங்கி. மூன்று செங்கல்லுக்கும் சரத்தைச் சுற்றினார். காற்று அடித்தது, சுடர் படுத்து எழுந்தது, அணையவில்லை.

பொங்கல் சாப்பிட்டு இறங்கும்போது அத்தையின் கை வழக்கம்போலக் கறிவேப்பிலைக்கு நீண்டது. பாதியில் நின்றது.

"ஒரு கொத்து எடுத்துக்கவா புவனா?"

"என்ன எதுக்குக் கேக்குறீக மதினி? அவளக் கேட்டு எடுத்துக்கங்க."

அத்தை எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செங்கல்லுக்கு முன்னால் குனிந்து, நல்ல சத்தமாகவே கேட்டார்.