காலையில் மட்டும் வரும் சத்தம்

உங்கள் காரில் ஒரு சத்தம் காலையில் மட்டும் வருகிறது, மெக்கானிக் ஷெட்டுக்கு ஓட்டி வருவதற்குள் காணாமல் போகிறது என்றால் யார் நம்புவார்கள்? டிரைவிங் ஸ்கூல் டீச்சரை நாங்கள் நம்பவில்லை.

அவருடைய பழைய காருக்கு நானும் சோடாபுட்டியும்தான் எஞ்சினைப் பிரித்துக் கட்டினோம். தடிக் கண்ணாடி போட்டிருப்பதால் அவனுக்கு அந்தப் பேர். டீச்சர் மூன்றாவது தடவையாக வந்து நின்றார்.

"டக்கு டக்குன்னு அடிக்குது. சூடானா அடங்கிடுது."

ஃபோர்மேன் பானட்டைத் திறந்து காதைக் கொடுத்தார். எஞ்சின் நல்ல பிள்ளையாக ஓடியது.

"உங்க காதைத்தான் செக் பண்ணணும் டீச்சர்."

"பதினாறு வருஷமா கியர் போடத் தெரியாதவங்க பக்கத்துல உக்காந்த காதுங்க இது."

ஃபோர்மேன் சிரிக்கவில்லை. "சரி, வண்டி இங்கயே நிக்கட்டும். காலையில பாத்துடலாம்." டீச்சர் போனதும் ஃபோர்மேன் சோடாபுட்டி பக்கம் திரும்பினார். "சத்தம் வந்தா ஏதோ ஒரு பிஸ்டன் திரும்பியிருக்குன்னு அர்த்தம். அதுல இருக்கிற அம்புக்குறி உன் கண்ணுக்கு எங்க தெரியப்போகுது? நீ வேற ஷெட்டு பாத்துக்க."

அம்புக்குறி முன்பக்கம் பார்க்க வேண்டும். மாறியிருந்தால், எஞ்சின் ஆறியிருக்கும்போது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டும்.

மூன்றாவது பிஸ்டனை நான் இறக்கும்போது ஊரிலிருந்து மகள் போன் பண்ணியிருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவளுக்குப் பல் விழுந்த கதையைக் கேட்டபடியே, சுத்தியல் பிடியால் தட்டி இறக்கினேன். அம்பைப் பார்த்த ஞாபகம் இல்லை.

கை கழுவும்போது சோடாபுட்டியிடம் கேட்டேன். "மூணாவதை நான்தானே போட்டேன். ஏன்டா வாயைத் திறக்கல?"

"எனக்குத்தான் கண்ணு தெரியாதே" என்று சிரித்தான். "விடு மச்சான். உனக்குப் புள்ளகுட்டி இருக்கு. நான் ஒண்டிக்கட்டை, எங்க போனாலும் பொழச்சுக்குவேன்."



மறுநாள் காலை ஏழு மணிக்கு ஃபோர்மேன் வண்டியை ஸ்டார்ட் செய்தார். சத்தம் வந்தது. மூன்றாவது சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றியதும் குறைந்தது; தட்டுவது அந்தப் பிஸ்டன்தான். "அது நான் போட்டது" என்று சொன்னேன். ஃபோர்மேன் சோடாபுட்டியையும் கூப்பிட்டார். பிறகு நாங்கள் மூன்று பேரும் எஞ்சினை இறக்கினோம்.